படக்காரம்மா ஃபிளாஷ் போட்ட நாள்

போன வாரம் படக்காரம்மாவின் வீட்டு வாசலில் இஸ்திரியின் கார் வந்து நின்றதோடு விட்டோம். பாவம், ஒரு வாரமாக அவனைக் கதவுகூடத் திறக்க விடாமல் உட்கார வைத்திருக்கிறோம். இறங்கட்டும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இஸ்திரி என்பது படக்காரம்மாவின் கொழுந்தன். தலைவர் அலுவலகத்தில் செய்திச் செயலர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் சட்டையில் ஒரு சுருக்கம் விழாது என்பதால் தெரு வைத்த பெயர் இது. அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்ததே அண்ணிதான் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் அவ்வப்போது மறந்துவிடும்.

படக்காரம்மா தலைவரின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். இப்போதைய தலைவருக்கு மட்டுமில்லை, இவருக்கு முன்னால் இருந்த மூன்று பேருக்கும் அவள்தான். ஆட்சி மாறும், திரைச்சீலை மாறும், வாசலில் நிற்கிற நாய்கூட மாறும். மேசைக்கு எதிரே ஜன்னலோரம் கேமராவோடு நிற்கிற இவள் மட்டும் மாறவில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன மாதம் சனி பிடித்தது. தலைவர் ஒரு கோப்பின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கும் படம். அதில் கை கலங்கலாக விழுந்துவிட்டது. ஒரு பத்திரிகை அந்தக் கையை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாகப் போட்டு, கீழே ‘இது கையா, பஞ்சு மிட்டாயா?’ என்று கேட்டிருந்தது. ஊரே சிரித்தது. “அம்மாவுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது” என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று நான் சொல்ல மாட்டேன். சட்டையில் சுருக்கமே இல்லாத ஒருவர்.

ஆக, இஸ்திரி இறங்கினான். கையில் நீளமாக ஒரு பெட்டி.

“அண்ணி, உங்களுக்குத்தான். பிரிச்சுப் பாருங்க.”

பிரித்தாள். உள்ளே கேமராவை மாட்டி நிறுத்துகிற மூன்று கால் ஸ்டாண்டு.

இதில் என்ன இருக்கிறது என்று நாம் நினைப்போம். படக்காரம்மா இத்தனை வருஷமாகத் தலைவர் அறையில் ஸ்டாண்டும் வைத்ததில்லை, ஃபிளாஷும் போட்டதில்லை. ஜன்னல் வெளிச்சம், தன் கை, அவ்வளவுதான். அந்த அறையில் வெளிச்சம் கம்மி. அதனால் வெளிச்சத்தை உள்ளே விடுகிற ஷட்டர் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்பாள். அதற்குத்தான் அவளுக்குப் பெயர். அவளிடம் போய் ஸ்டாண்டைக் கொடுப்பது, பாடகிக்குப் பிறந்தநாள் பரிசாக இருமல் மருந்து கொடுப்பது மாதிரி.

“ரொம்ப நல்லாருக்கு தம்பி. துணி காயப்போட ஆகும்” என்றாள் படக்காரம்மா.

“விளையாடாதீங்க அண்ணி. இன்னிக்குப் பக்கத்து நாட்டு விருந்தாளி வர்றார். ஒப்பந்தத்துல கையெழுத்து. அறை சின்னது, வெளி கேமரா ஒண்ணுகூட உள்ள வராது. நீங்க எடுக்கிற படம்தான் எல்லாப் பேப்பருக்கும் போகும். அதுவும் கலங்கிப் போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. திங்கக்கிழமையிலேருந்து வேற ஆளைப் போடச் சொல்லி மேல பேசியாச்சு.”

“யாருடா அந்த வேற ஆள்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அது படக்காரம்மாவின் வீட்டுக்காரர். பல் டாக்டர். வீட்டு முன்னறையிலேயே மருத்துவமனை. அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துவிட்டுக் கேள்வி கேட்டே பழகியவர், அதனால் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கிற வழக்கம் இல்லை.

“கல்யாண வீட்டுல படம் எடுப்பானே அவனா? மாப்பிள்ளை தலைக்குப் பின்னாடி பூச்செடி முளைச்ச மாதிரி எடுப்பானே, அவன்தானே? நெனச்சேன். டேய், அண்ணி கையில ஒண்ணும் இல்ல. இப்பவே காட்டறேன்.”

ஒரு டம்ளரில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றிக்கொண்டு வந்தார். பேச்சு கிளம்பியதிலிருந்து தினமும் காலையில் இந்தப் பரீட்சை நடக்கிறது. படக்காரம்மா டம்ளரை வாங்கி, கையை நீட்டி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து திரும்பினாள். காலணி மாட்டிக்கொண்டிருந்த மகள் அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஒரு சொட்டு சிந்தவில்லை.

“பார்த்தியா சித்தப்பா?” என்றாள் மகள். இவளை வீட்டில் வாலு என்பார்கள். பெரிய பத்திரிகை ஒன்றில் நிருபர். பஞ்சு மிட்டாய் போட்டது இவள் பத்திரிகை இல்லை, அவர்களுடைய போட்டிப் பத்திரிகை. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது.

“தண்ணி டம்ளர் வேற, கேமரா வேற” என்றான் இஸ்திரி. “தண்ணி டம்ளருக்கு நாடு முழுக்கப் பார்க்கிற பயம் இல்ல. அண்ணி, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஸ்டாண்டுல வெச்சு எடுங்க.”

அவன் போய்விட்டான். போகும்போது கார் கண்ணாடியில் காலரைச் சரிபார்த்துக்கொண்டான். சரிபார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

“அம்மா, நீ கவலைப்படாத. உன் கை நல்லாத்தான் இருக்குன்னு நான் நிரூபிக்கிறேன்” என்றாள் வாலு.

“நீ உன் வேலையைப் பாரு.”

“இது என் வேலைதான். என் அம்மா.”

“இங்க வேலைப் பேச்சு பேசக்கூடாது.”

வாலு வாயை மூடிக்கொண்டாள். காரணம், படக்காரம்மாவின் கை அந்த நேரம் சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தது. மகள் நிருபரான அன்றைக்குப் போட்ட சட்டம் இது. அம்மா பார்ப்பது தலைவரின் அறை, மகள் எழுதுவது தலைவரைப் பற்றி. இரண்டும் ஒரே மேசையில் சோறு சாப்பிட வேண்டுமென்றால் நடுவில் ஒரு கோடு வேண்டும். அந்த மேசையில் மழை, மருத்துவம், பக்கத்து வீட்டு விவகாரம் எல்லாம் பேசலாம். வேலை மட்டும் கூடாது. இதுநாள் வரை இரண்டு பேரும் மீறியதில்லை.

வாலு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். பல் டாக்டர் முன்னறைக்குப் போய் யாரையோ ‘ஆ’ சொல்ல வைத்தார். படக்காரம்மா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கே சந்தேகம்தான். தண்ணி டம்ளர் வேற, கேமரா வேற என்று இஸ்திரி சொன்னது சுருக்கென்று குத்தியிருந்தது. ஒருவேளை ஷட்டரை அழுத்துகிற நேரத்தில் மட்டும் நடுங்குகிறதோ? அவமானத்தில் அந்தப் படத்தை அவள் அதற்கப்புறம் திறந்துகூடப் பார்க்கவில்லை. பத்திரிகை வெட்டிப் போட்ட கையைத்தான் பார்த்தாள், ஊரைப் போல.

இன்றைக்குத் திறந்தாள். முழுப் படத்தையும் திரையில் பெரிதாக்கினாள்.

கை, பஞ்சு மிட்டாய்தான். சரி. மெல்ல நகர்த்தினாள். கைக்குப் பக்கத்தில் பேனா ஸ்டாண்டு. அதில் செருகிய பென்சிலின் கூர்முனை. அதில் எழுதியிருந்த கம்பெனி எழுத்துகளைப் படிக்க முடிந்தது. மேசை விளிம்பு கத்தியால் கீறிய கோடு மாதிரி இருந்தது. தலைவரின் சட்டைப் பொத்தானில் நூல் தெரிந்தது.

படக்காரம்மா நாற்காலியில் சாய்ந்தாள்.

கேமரா அசைந்தால் எல்லாமே கலங்கும். பேனா ஸ்டாண்டு ஒழுங்காக நின்று கை மட்டும் கலங்குகிறதென்றால், அசைந்தது கேமரா இல்லை.

ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம். முந்தைய வாரத்துப் படங்களைத் திறந்தாள். அதற்கும் முந்தைய வாரம். கை மேசையில் இருந்தால் கலங்கல். முழங்காலில் இருந்தால் கலங்கல். மற்ற படங்களில் கை பையில் இருந்தது.

ஆமாம், பை! கொஞ்ச நாளாகவே தலைவர் ஒரு கையைச் சட்டையின் பக்கப் பையில் விட்டுக்கொண்டு நிற்கிறார். புது ஸ்டைல் என்று ஊர் பேசியது. கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துப் பையில் கையை விட்டுக்கொண்டு திரிந்தார்கள். பையே இல்லாத சட்டை போட்டிருந்த ஒருவர் அவசரமாகத் தையல்காரரிடம் ஓடியதாகக்கூடக் கேள்வி.

“அட ஐயா” என்றாள் படக்காரம்மா, திரையைப் பார்த்து. “உங்க கையா அது?”

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். என் கை இல்லை, என் கை இல்லை! எழுந்து போய் வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று கதவுவரை போனாள். கைப்பிடியைத் தொட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இவள் எப்படி இந்த வேலைக்கு வந்தாள் என்று சொல்லியிருக்கிறேனா? பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன ஸ்டுடியோவில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தேர்தலுக்கு மனுப் போட ஒருவர் படம் எடுக்க வந்து, மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். “தலையைக் கொஞ்சம் இறக்குங்க, இன்னும் ஜெயிக்கலையே” என்றாள். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எடுத்த படத்தைத்தான் ஊரெல்லாம் சுவரில் ஒட்டினார்கள். ஜெயித்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆள் அனுப்பி இவளைக் கூப்பிட்டார். கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: “நான் தூங்கினாலும் எடுங்க, அழுதாலும் எடுங்க. ஆனா உள்ள பார்த்ததை வெளிய பேசக்கூடாது.”

அவர் தூங்கினார். அவருக்கு அடுத்தவர் அழுதார். மூன்றாமவர் தட்டை வீசினார் என்கிறார்கள். படக்காரம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது. பல் வலி என்று சொல்லிக்கொண்டு நானும் எத்தனையோ தடவை அந்த முன்னறையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இரண்டு பல் போனதுதான் மிச்சம்.

இப்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இஸ்திரி கொண்டுவந்த ஸ்டாண்டில் கேமராவை மாட்டினால் கேமரா அசையாது. அது எல்லாருக்கும் தெரியும். அப்படியும் படத்தில் கை கலங்கினால், யாருடைய கை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். இவள் வாயைத் திறக்கவே வேண்டாம். இவள் பெயர் ஒரே நிமிஷத்தில் கழுவித் துடைத்த மாதிரி ஆகிவிடும்.

தலைவரின் ரகசியம் நாடு முழுக்கப் போய்விடும்.

தெரியாமல்தான் கொடுத்திருக்கிறான் கொழுந்தன். ஆனால் அது அவளுக்கு வரம், அவருக்குப் பொறி.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி உச்சியில் பழைய துணிக்குள் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். ஊதினாள். தூசி பறந்து தும்மல் வந்தது.

ஃபிளாஷ். மின்னல் மாதிரி வெட்டிவிட்டுப் போகும். அந்த வெட்டில் ஓடுகிற குதிரைகூட நிற்கிற மாதிரி விழும். நடுங்குகிற கையும் அப்படித்தான்.

ஸ்டாண்டு? அதைத் துணி காயப்போடவே விட்டுவிட்டுப் போனாள்.

கையெழுத்து அறையில் எல்லாம் தயாராக இருந்தது. நீள மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு கொடி, இரண்டு பேனா. இஸ்திரி கதவருகே நின்றுகொண்டிருந்தான். அண்ணியின் கையில் பெட்டி இல்லை என்பதை முதலில் பார்த்தான். கேமராவின் தலையில் உட்கார்ந்திருந்ததை அடுத்ததாகப் பார்த்தான்.

“அண்ணி, என்ன இது?”

“ஃபிளாஷ்.”

“அது தெரியுது. ஸ்டாண்டு எங்கே?”

“வீட்டுல. உங்க அண்ணன் துண்டு காயுது.”

இஸ்திரி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அண்ணி, உங்களுக்குப் புரியுதா? நீங்க ஃபிளாஷ் போட்டா, கை போயிடுச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்கு ஸ்டாண்டே மேல். கௌரவமாவாவது இருக்கும்.”

“கௌரவத்தை நான் பார்த்துக்கிறேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லு, உன் சட்டை பளபளப்பு லென்ஸ்ல அடிக்குது.”

சேதி அதற்குள் வராந்தாவுக்குப் போய்விட்டது. கோப்பு தூக்குகிறவர், தேநீர் கொண்டுவருகிறவர், கதவுக் காவலர் எல்லாரும் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். “அம்மா ஃபிளாஷ் போடறாங்களாம்.” “அப்ப அது நெஜம்தானா?” “பாவம், எப்படி இருந்தவங்க.” அவ்வளவும் அவள் காதில் விழுந்தது. விழாத மாதிரி லென்ஸைத் துடைத்தாள்.

தலைவர் விருந்தாளியோடு உள்ளே வந்தார். உட்கார்ந்தார். பேனாவை எடுக்கும்போது பார்வை கேமராவில் பட்டது. ஃபிளாஷைப் பார்த்தார். பிறகு அதன் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். பழகிய கண்கள் அல்லவா, ஒரு நொடி அதிகமாகவே நின்றன.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் படத்துக்காகப் பேனாவை அப்படியே தாளின் மேல் நிறுத்தி வைத்துக்கொள்வது வழக்கம். விருந்தாளி நிறுத்தினார். தலைவரும் நிறுத்தினார். பேனாவின் முனை தாளின் மேல் கோழி கொத்துகிற மாதிரி மெல்லத் தட்டத் தொடங்கியது.

பளிச்!

அறை வெளுத்தது. விருந்தாளி கண்ணைக் கசக்கினார். இன்னொரு பளிச். இன்னும் ஒன்று.

“போதும் ஐயா. நல்லா வந்திருக்கு” என்றாள் படக்காரம்மா.

கேமராவின் சின்னத் திரையை இஸ்திரி எட்டிப் பார்த்தான். கல்லில் செதுக்கியது போல இருந்தது கை. பேனா நிமிர்ந்து நின்றது. அவனுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் புதிதாக ஒன்று கண்டுபிடித்தான்.

“தெளிவா இருக்கு. ஆனா, ஃபிளாஷ் போட்டு யார் வேணா எடுக்கலாமே அண்ணி. இதுக்கு நீங்க எதுக்கு?”

அவள் ஃபிளாஷைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். விருந்தாளியை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்த தலைவர்தான் சொன்னார்: “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க தம்பி. படக்காரம்மாகிட்ட ஒரு படத்தைப் பத்திப் பேசணும்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தொடர்கதை எழுதுகிறவளுக்குக் கதவு ஒரு தடையா?

“உங்ககிட்ட ஃபிளாஷ் இருக்குன்னே எனக்குத் தெரியாது” என்றார் தலைவர்.

“அது எரியுமான்னே எனக்குத் தெரியாது ஐயா.”

சிரித்தார். பிறகு பையிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தார். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அது தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

“எப்ப கண்டுபிடிச்சீங்க?”

“இன்னிக்குக் காலையிலதான். அதுவரைக்கும் என் கைன்னு நெனச்சுட்டிருந்தேன்.”

தலைவரின் முகம் மாறியது. “எல்லாம் உங்க தலையில விழுந்துச்சு, இல்ல? எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்.”

“விழுந்துச்சு. பரவாயில்ல, கெட்டித் தலை.”

“என் டாக்டருக்குத் தெரியும், என் வீட்டுல தெரியும். அப்புறம் நீங்க. வெளிய யார்கிட்டயும்...”

“ஐயா” என்று இடைமறித்தாள் படக்காரம்மா. தலைவர்களை இடைமறிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. “உள்ள பார்த்ததை வெளிய சொல்றது என் வேலை இல்ல. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா ஒண்ணு. உங்களையும் சேர்த்து நாலு பேருக்குப் படம் எடுத்துட்டேன். இல்லாததை இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்ததில்ல. இன்னிக்கு எடுத்ததுதான் மொதல்.”

“தெரியும்.”

“கடைசியும் அதுதான். இனிமே ஃபிளாஷ் போட மாட்டேன்.”

“அப்ப அடுத்த படத்துல?”

“கை எப்படி இருக்கோ அப்படித்தான் விழும். அதுக்குள்ள நீங்களே ஊருக்குச் சொல்லிடுங்க. படத்தைப் பார்த்து ஊரே தெரிஞ்சுக்கிட்டா அது அசிங்கம். நீங்க சொன்னா அது சேதி.”

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். தன்னிடம் இப்படிப் பேச இந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தைரியம் இல்லை என்பது அவருக்கே புதிதாகத் தெரிந்தது போலிருந்தது.

“அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம் இருக்கு” என்றார் கடைசியாக. “மேடையில நானே சொல்லிடறேன். என் வாயால. அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் என் கைதான் நடுங்குது” என்றாள் படக்காரம்மா.

வெளியே வந்தால் இஸ்திரி காத்திருந்தான். “அண்ணி, சொல்லச் சங்கடமா இருக்கு. திங்கக்கிழமை புது ஆள் வந்துடுவான்.”

“வரட்டும். திங்கள், செவ்வாய் எல்லாம் அவன் எடுக்கட்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்னுது.”

“அது எப்படி...”

“உள்ள போய்க் கேட்டுக்கோ. அப்புறம் தம்பி, உன் சட்டை.”

“என்ன?”

“பின்னாடி ஒரு சுருக்கம்.”

அவன் பதறிப்போய்த் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் படியிறங்கிவிட்டாள். சுருக்கம் ஒன்றும் இல்லை. ஒரு பொய் சொல்லிப் பழகிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சாயங்காலம் இதைவிடப் பெரியது காத்திருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே கலகலவென்று சத்தம். பல் டாக்டர் மருத்துவமனையைச் சீக்கிரமே மூடிவிட்டு உள்ளே வந்திருந்தார். வாலு சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு பெரிய படத்தை விரித்து வைத்திருந்தாள். கையில் பூதக்கண்ணாடி, அப்பாவுடையதுதான்.

“வா வா, உன் பொண்ணு என்ன பண்ணியிருக்கான்னு பாரு!” என்றார் பல் டாக்டர்.

“அம்மா, உன் கை நடுங்கவே இல்ல!” வாலுவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி வெளிச்சம். “எங்க ஆபீஸ்ல அந்தப் படம் முழுசா இருந்துச்சு. பெரிசா அச்சுப் போட்டு வாங்கிட்டு வந்துட்டேன். அவனுங்க வெட்டிப் போட்டதை வெச்சு ஊரே உன்னைப் பேசுது. நாளைக்கு எங்க பேப்பர்ல முழுப் படத்தையும் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வரி எழுதறேன். மேசைச் சட்டம் எல்லாம் இன்னிக்கு ஒரு நாளைக்கு லீவு.”

படக்காரம்மா கேமராப் பையைக் கீழே வைத்தாள். “நான் தேநீர் போடறேன்” என்று அடுப்படிக்குப் போனாள்.

“கேட்டுட்டுப் போம்மா!” வாலு குரலை உயர்த்தினாள். “ரொம்பச் சுலபம். கேமரா அசைஞ்சா படத்துல எல்லாமே அசையணும். சரியா? இங்க பாரு, பேனா ஸ்டாண்டு, கத்தி மாதிரி. பென்சில்ல எழுத்துகூடப் படிக்க முடியுது. மேசை விளிம்பு, பொத்தான், எல்லாம் சுத்தம். அப்படின்னா கேமரா அசையல. உன் கை நடுங்கல. கலங்கினது இது ஒண்ணுதான். இந்தக் கை மட்டும்தான்...”

நின்றுவிட்டாள்.

பூதக்கண்ணாடி படத்தின் மேல் அப்படியே நின்றது. அம்மாவைக் காப்பாற்ற ஓடிவந்த மகள் அந்த நொடியில்தான் நிருபரானாள்.

“அப்படின்னா நடுங்கினது...”

படக்காரம்மா தட்டோடு வந்தாள். இடது உள்ளங்கையில் தட்டு, அதில் மூன்று கோப்பை. ஒன்றைச் சாசரோடு வலது கையில் எடுத்து மகளிடம் நீட்டினாள்.

கோப்பை கிணுகிணுவென்று ஆடத் தொடங்கியது. தேநீர் தளும்பிச் சாசரில் விழுந்து, சாசரிலிருந்து வழிந்து, படத்தின் நட்டநடுவில், சரியாக அந்தக் கையின் மேல் கொட்டியது.

“பார்த்தியா?” என்றாள். “இதுதான். என் கைதான். போதுமா?”

“ஏய், காலையில ஒரு சொட்டு சிந்தலையே!” பல் டாக்டர் எழுந்தேவிட்டார்.

“காலையில வேற, சாயங்காலம் வேற. அன்னிக்கு அந்தப் படத்துல ஏதோ வெளிச்சக் கோளாறு. எழுத அதுல ஒண்ணும் இல்ல. விடுங்க.”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு “என் பையை எடுத்துட்டு வர்றேன், இரு” என்று முன்னறைக்கு ஓடினார். பல் டாக்டரின் பையில் கைக்கு என்ன இருக்கும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

வாலு துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். அவள் அம்மாவின் வலது கையைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு இன்னும் அந்த உள்ளங்கையிலேயே இருந்தது. இரண்டு கோப்பையிலும் தேநீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது.

“அம்மா.”

“சொல்லு.”

“நீ யாருக்கும் பொய் சொல்லி நான் பார்த்ததில்ல.”

“இது சாப்பாட்டு மேசை” என்றாள் படக்காரம்மா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முதலில் கண்ணை எடுப்பதாக இல்லை. எங்கிருந்து வந்த பிடிவாதம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

“ஆமா” என்றாள் வாலு மெதுவாக. “இங்க வேலைப் பேச்சு பேசக்கூடாது.” ஈரப் படத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். காலணியை மாட்டிக்கொண்டாள். “நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வர்றேன்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும்...” என்று ஆரம்பித்தாள் அம்மா. ஆரம்பித்ததே தப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை என்ன?” வாசலில் நின்று திரும்பினாள் நிருபர்.

“ஒண்ணுமில்ல. போயிட்டு வா.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படக்காரம்மா தட்டை மேசையில் வைத்து, மகள் போன வாசலைப் பார்த்தபடியே தன் கோப்பையை எடுத்தாள். இந்தத் தடவை அவள் ஒன்றுமே செய்யவில்லை. கோப்பை தானாகவே கிணுகிணுத்தது.

அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.